அரிசி அளக்கும் பொறுப்பு

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி உள்ளேயே காய வேண்டியதுதான். புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது. மீன் சட்டியைத் தேய்த்து மேல் தட்டில் ஏற்றியாயிற்று. வீட்டுக்காரர் முகம் இப்போதே வாட்டம்.

கோயில் தொண்டூழியர் வாட்ஸ்அப்பில் முதல் சனிக்கிழமை அன்னதானப் பட்டியல்:

அரிசி அளவு, ஸ்டோர் - சுரேஷ்
சமையல் - மணியம், ராஜு, செல்வா
காய் வெட்டுதல், பாத்திரம் கழுவுதல் - லேடீஸ் 12 பேர்

அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருத்தி. ஒன்பது வருஷமாக.

இந்த முறை அளவுப் பொறுப்பைக் கேட்கப் போகிறேன். அண்டாவில் எவ்வளவு மிச்சம் என்று கழுவுகிறவளுக்குத்தான் தெரியும். சமைத்தவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஐந்து வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: எத்தனை மூட்டை, எத்தனை தட்டு, எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எவ்வளவு கொட்டினோம். போன வருஷம் மூன்றாம் வாரம் இரண்டு அண்டா சாம்பார் வீண். நாலாம் வாரம் பன்னிரண்டரைக்கே சோறு இல்லை. சுரேஷ் நல்ல பிள்ளை. ஆனால் எல்லாம் குத்துமதிப்பு.

செப். 16, செவ்வாய்

தேக்கா சந்தையில் கறிவேப்பிலை, பூ, வாழைத்தண்டு. அப்படியே கோயில் அலுவலகம். தொண்டூழியர் தலைவர் ரகுபதி இருந்தார். கேட்டேன்.

"அக்கா, அண்டா எல்லாம் வெயிட்டு லா. லேடீஸ் தூக்க முடியாது."

"அளக்குறவங்க எதுக்குத் தம்பி அண்டாவைத் தூக்கணும்? சுரேஷ் தூக்குறாரா?"

தூக்குவதில்லை. அதனால் அடுத்த காரணம், குரலைத் தாழ்த்தி: "லேடீஸ்னா சில நாள் வர முடியாது… உங்களுக்கே தெரியும்."

"எனக்கு அறுபத்தோரு வயசு தம்பி."

அவருக்குக் காது சிவந்தது. ரசீது எழுதும் பெண் குனிந்துகொண்டாள். "பார்ப்போம்க்கா" என்றார். பார்ப்போம் என்றால் இல்லை.

கமலாவிடம் போனில் சொன்னேன். என்னோடு காய் வெட்டுகிறவள். "தூக்க முடியாதாமா? என் மாமியாரைத் தினம் ரெண்டு தடவ கட்டில்லேருந்து தூக்குறேனே, அது என்ன பஞ்சு மூட்டையா?"

செப். 17, புதன்

புரட்டாசி ஒன்று. விளக்கேற்றி முடிப்பதற்குள் ரகுபதி போன்.

"நோட்டு வச்சிருக்கீங்களாமே? சுரேஷ்கிட்ட குடுத்துடுங்கக்கா. யூஸ்ஃபுல்லா இருக்கும்."

"நோட்டு வேணும்னா நானும் வருவேன். தனியா வராது."

"என்னக்கா, சாமி காரியத்துல கண்டிஷன் போடுறீங்க?"

சுருக்கென்றது. போனை வைத்துவிட்டேன். இட்லி கல்லாக வந்தது.

வீட்டுக்காரர்: "குடுத்துட்டுப் போயேன். யார் அளந்தா என்ன, சோறு சோறுதானே."

"அப்ப நாளைக்கு நீங்க ஆக்குங்க."

பேப்பரை விரித்துக்கொண்டார்.

செப். 19, வெள்ளி

நாளை சோறு பற்றாமல் போனால் அது என் பாவமா? பெருமாள் படத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்டேன். நோட்டைக் கொடுத்தால் அடுத்த வருஷமும் லேடீஸ் 12 பேர். கொடுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவும் மாட்டேன்.

வாங்க வேண்டியது: முட்டி மாத்திரை, பெரிய கத்தி ஒன்று.

செப். 20, சனி

ஐந்து மணியிலிருந்து பூசணி, பீன்ஸ். பதினொன்றே காலுக்குத் தோல் கொட்ட வெளியே போனேன். வரிசை வாசலைத் தாண்டி, தெருமுனை திரும்பி நிற்கிறது. உள்ளே இரண்டு அண்டா சோறுதான். சுரேஷைக் காணோம். யாரோ ஒருவருக்குக் கார் நிறுத்த இடம் பார்க்கப் போயிருக்கிறார்.

யாரையும் கேட்கவில்லை. இருபத்தைந்து கிலோ மூட்டையைக் கமலா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுவந்தோம்.

"யார் போடச் சொன்னா?" மணியம் கத்தினார்.

"நான்தான்."

முறைத்தார். பிறகு அவரே அடுப்பைக் கூட்டினார்.

பன்னிரண்டு இருபதுக்கு முதல் இரண்டு அண்டாவும் சுரண்டல். ஐந்து நிமிஷம் தட்டுகள் காத்திருந்தன. புதுச் சோறு வந்தது. யாரும் வெறும் தட்டோடு திரும்பவில்லை.

அப்புறம் எல்லாவற்றையும் நாங்களே கழுவினோம். மிச்சம்: அரை வாளி.

செப். 22, திங்கள்

ரகுபதி போன். குரலில் தேன்.

"அடுத்த வாரம் சுரேஷ் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்கக்கா."

"பட்டியல்ல யார் பேரு?"

"சுரேஷ் பேரே இருக்கட்டுமே. பேர்ல என்ன இருக்கு? செஞ்சது யாருன்னு பெருமாளுக்குத் தெரியும்."

"பெருமாளுக்கு சுரேஷையும்தான் தெரியும். அப்புறம் அவர் பேரை மட்டும் எதுக்கு எழுதுறீங்க?"

"கமிட்டிதான் முடிவு பண்ணணும் லா."

"சரி, கமிட்டிக்கு வர்றேன்."

வியாழன், ஏழரை மணி. நீலப் புடவை தேய்க்கணும்.

செப். 25, வியாழன்

மேசையைச் சுற்றி ஒன்பது ஆண்கள். நான் உட்காருவதற்குள் ஒருவர் ஃபிளாஸ்கைக் காட்டி, "அக்கா, அப்படியே எல்லாருக்கும் டீ ஊத்திடுங்க" என்றார். நோட்டைத் திறந்தேன். ஐந்து வருஷத்தையும் வாசித்தேன். டீ ஆறிப்போனது.

ரகுபதி பேச வாயெடுத்தார். சுரேஷ் முந்திக்கொண்டார்: "நான் குத்துமதிப்பாத்தான் போடுறேன் சார். அக்கா பார்க்கட்டும். நான் மூட்டை தூக்குறேன்."

முடிவு: அளவு என் பொறுப்பு, என் பேரில். பன்னிரண்டு பெண்கள் பேரும் எழுதப்படும். கழுவ ஆண்களும் வர வேண்டும் என்றேன். "அடுத்த வருஷம் பார்ப்போம்."

எழுதி வைத்துக்கொண்டேன். விடப்போவதில்லை. வாராவாரம் கேட்பேன்.

செப். 27, சனி

அன்னதானக் கூடம், ஸ்டோர் வாசல். வெளியே அடைமழை, இடி. நாலு மணிக்கே வந்துவிட்டேன்.

"எத்தனை மூட்டைக்கா?" சுரேஷ் தோளில் துண்டோடு நிற்கிறார். ரகுபதியும் வந்து நின்றுகொண்டார்.

நோட்டைப் புரட்டினேன். ஐந்து வருஷத்தில் இப்படி ஒரு மழைச் சனிக்கிழமை இல்லவே இல்லை. கூட்டம் பாதியாகுமா? குறைத்துப் போட்டு ஆள் வந்துவிட்டால்? நிறையப் போட்டுக் கொட்ட நேர்ந்தால்?

புரட்டாசி சனிக்கிழமை. குடை பிடித்துக்கொண்டு வருவார்கள்.

"அஞ்சு" என்றேன்.

"மழையிலயும் போன வாரம் போலவே அஞ்சா?" ரகுபதி.

"அஞ்சு. சுரேஷ், போடுங்க."

போட்டுவிட்டார். இப்போது பதினொன்று. கதவைத் திறக்கிறார்கள்.