எனக்குத் தெரிந்த ஒரு பையன்

பெரியம்மா வீடு
ஜூன் 6

அன்புள்ள அக்கா,

சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன் என்று அம்மா அழுவதாகப் பெரியம்மா சொன்னார். ஜிம் மாஸ்டர் ஓயாமல் கூப்பிடுவதால் போனை அணைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

பின்தெருக்காரர்களை ஊரைவிட்டே விரட்டணும் என்று ஜிம் மாஸ்டர் பேசிய வீடியோவை நான் பள்ளிக்கு வெளியே பத்துப் பேருக்கு அனுப்பியதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். சுருட்டையும் பின்தெருக்காரன்தான், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவன். அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்று கெஞ்சினேன். மறுநாளே, வெறுப்பைப் பரப்புகிறவர்களிடம் பிள்ளைகள் சிக்காமலிருக்க நீ நடத்தும் பாதுகாப்புப் பாடத்தை எடுக்க எங்கள் வகுப்புக்கு வந்து, "எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்" என்று ஆரம்பித்தாய். ஜிம், மாஸ்டர், வீடியோ எல்லாம் வந்தது. வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. சுருட்டை மட்டும் பார்க்கவில்லை. நானாக இருக்காது என்று நம்பினான் போல.

ஜிம் பக்கம் இனிப் போக மாட்டேன். உன் முகத்தில் விழிக்கவும் பிடிக்கவில்லை.

தம்பி

ஜூன் 11

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பெயர் சொல்லவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று அதைச் சரிசெய்துவிட்டேன். உன் வகுப்பில் நின்று, "அந்தப் பையன் என் தம்பி. அவனக் கேக்காம அவன் விஷயத்தப் பேசினது என் தப்பு" என்று மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மனசு லேசாகிவிட்டது. வீம்பு பிடிக்காமல் வந்து சேர். அம்மா உன் கட்டிலில் யாரையும் உட்காரவிடுவதில்லை.

அக்கா

ஜூன் 15

அக்கா,

'என் தம்பி' என்று நீ சொல்லும்வரை வகுப்பில் வெறும் சந்தேகம்தான் இருந்தது.

போனைத் திறந்ததும் சுருட்டையின் செய்தி. "அத அனுப்பினது நீயாடா?" கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் கூப்பிட்டார், எடுத்தேன். எதுவுமே கேட்கவில்லை. "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்துடு, நாங்க இருக்கோம்" என்றார்.

போகிறேன். அங்கே யாரும் என்னை வைத்துப் பாடம் நடத்த மாட்டார்கள்.

தம்பி

ஜூன் 18

தம்பி,

தனியாகிப் போன பிள்ளையைத்தான் அந்த மாதிரி ஆட்கள் வந்து அணைத்துக்கொள்வார்கள் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். உன்னைத் தனியாக்கியதும் நான்தான். மன்னிப்புக் கேட்டபோதுகூட என்னைத்தான் நல்லவளாகக் காட்டிக்கொண்டேன். கைதட்டலை நினைத்தால் உடம்பு கூசுகிறது. சுருட்டையிடம் நான் ஒன்றும் பேசவில்லை, அது நீ பேச வேண்டியது.

இந்தத் தடவை உன்னைக் கேட்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜிம்முக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நிற்கட்டுமா? வாயைத் திறக்க மாட்டேன். நீ என்னைத் தாண்டி உள்ளே போனாலும் கூப்பிட மாட்டேன். வேண்டாம் என்றால் ஒரு வரி போடு, வர மாட்டேன்.

அக்கா

ஜூன் 21

அக்கா,

நில். யாரிடமும் சொல்லாதே.

தம்பி