சாமியாரிடம் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை

மாப்ள,

இன்று கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் மெழுகுவத்தி வாங்கும்போது, வழக்கம்போல இரண்டு பாக்கெட் கேட்டுவிட்டேன். ஒன்று என் அப்பா அம்மாவுக்கு. இன்னொன்று நீ ஏற்றுவதற்கு. நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது இரண்டாவது பாக்கெட் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் நெற்றியில் திருநீறோடு வருவாய். நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் பாக்கெட்டிலிருந்து ஒரே ஒரு மெழுகுவத்தியை எடுத்து ஏற்றி, அது எரிந்து முடியும்வரை நிற்பாய். ஒரு வருடம், கல்லறைகளுக்குத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த பங்குச் சாமியார் "யாருக்காகய்யா?" என்று உன்னைக் கேட்டார். "தெரிஞ்ச பொண்ணு, சாமி" என்றாய். அவளை நீ ஒரு கணம்தான் பார்த்திருந்தாய், உன் பஸ்ஸின் முன்கண்ணாடி வழியாக.

அப்போது நீ தனியார் பஸ் ஒன்றின் டிரைவர். நான் அதே முதலாளியின் பட்டறையில் மெக்கானிக். திண்டுக்கல் சாலையில், பரவை தாண்டி, கீரைக்கட்டோடு சாலையைக் கடந்தவள் உன் வண்டியில் அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்தாள். அவள்தான் குறுக்கே ஓடி வந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கோர்ட்டும் உன்னை விட்டுவிட்டது. அதன் பிறகும் நீ ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனாய்.

மார்க்கெட் டீக்கடையில் ஒருநாள் திடீரென்று கேட்டாய். "மாப்ள, உங்க வேதத்துல செத்தவுகளுக்கு என்ன ஆகும்?"

ஞானோபதேச வகுப்பில் படித்ததைச் சொன்னேன். "ஆத்துமா சாகாது. பாவக்கடன் தீர உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கிறவுகளுக்காக நாம வேண்டுனா, அவுக சீக்கிரம் ஆண்டவர்கிட்ட போயிருவாக."

"கொன்னவன் வேண்டுனாலுமா?"

"நீ கொல்லல மாப்ள."

அதற்கு மேலும் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்லாமல் டீக்காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

விபத்துக்கு முந்தைய நாள் நீ பட்டறைக்கு வந்து, "பிரேக் கொஞ்சம் லேட்டாப் பிடிக்குது, பாத்து வையி" என்றாய். அந்த வார ஞாயிறு, என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. பந்தல், சாப்பாடு, உறவுக்காரர்கள் என்று தலைக்கு மேல் வேலை. சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பார்க்காமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலையில் நீ வண்டி எடுக்க வந்தபோது, "பாத்துட்டேன், தைரியமாப் போ" என்றேன். நீ தைரியமாகப் போனாய்.

பிறகு வண்டியைச் சோதித்த அதிகாரி, பிரேக்கில் கோளாறு இல்லை என்றுதான் எழுதினார். அதைச் சொல்லி என்னை எத்தனையோ முறை தேற்றிப் பார்த்தேன். ஆனால் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், நீ அன்று பிரேக்கை நம்பியிருக்க மாட்டாய். மெதுவாகப் போயிருப்பாய். அவள் சாலையைக் கடந்திருப்பாளோ என்னவோ.

இதையெல்லாம் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு, "அவர்கிட்டயும் போய்ச் சொல்லிருங்க" என்றார். அதற்காகவே பலமுறை பரவைக்கு பஸ் ஏறினேன். ஒவ்வொரு முறையும் உன்னோடு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கால் வீங்கி, மூச்சு வாங்க, என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அங்க எல்லாரையும் பாப்போம்ல மாப்ள? அந்தப் புள்ளையப் பாத்ததும் மொதல்ல மன்னிப்புக் கேட்டுருவேன்."

"பாப்போம்" என்றேன். உன் முகம் தெளிந்தது. ஆண்டவர் முன்னிலையில் மறைந்திருப்பது எதுவுமில்லை என்று நம்புகிறவன் நான். அப்போதும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாளில் உன்னை வைகைக் கரையில் எரித்தார்கள்.

இன்று சிலுவையடியில் அவளுக்கு ஒன்று, உனக்கு ஒன்று ஏற்றினேன். ஜெபம் வரவில்லை. மெழுகுவத்திகள் எரிந்து முடியும்வரை நிற்கவும் முடியவில்லை. நேராகப் பரவைக்குப் போய், உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"இத அவரு இருக்கும்போதே சொல்லியிருந்தா, அம்புட்டையும் ஒத்தையாச் சுமந்திருக்க மாட்டாரேண்ணே."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க சாமி ஒங்கள மன்னிச்சிருச்சா?"

"மன்னிச்சிட்டாருன்னு சாமியார் சொன்னாரும்மா."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீக?"

கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து துணியை மடிக்கத் தொடங்கினாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

சாவோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நம்ப முடிந்தால், எனக்குத் தூக்கமாவது வரும். அப்படி நம்ப முடியவில்லை. நீ இருக்கிறாய், நாம் சந்திப்போம். அந்தப் பெண் சொல்லியோ, ஆண்டவர் காட்டியோ உனக்கு எல்லாம் தெரிந்தே இருக்கலாம். இருந்தாலும் மாப்ள, அன்றைக்கு நீ ஒன்றும் கேட்டுவிடாதே. முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.