கணவாய் மீன் ஓடு எல்லாக் கூண்டுலயும் கட்டுங்க

என்னங்க,

நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள கிளம்புறேன். வலது கையில மாவுக்கட்டு, அதனால இடது கையால எழுதுறேன். கோழிக் கிறுக்கலா இருக்கும், பொறுமையா படிங்க.

மஞ்ச லவ்பேர்ட் பெட்டை கூண்டுக்கு அடியில உப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. முட்டை உள்ள சிக்கியிருக்கு. கூண்டைத் துணியால மூடி, பல்பைப் பக்கத்துல வைங்க. கால்சியம் மருந்தை அலகோரமா சொட்டுச் சொட்டா விடுங்க. வயித்தை மட்டும் அமுக்காதீங்க. முட்டை உள்ளேயே உடைஞ்சா செத்துப்போயிடும். பறவை டாக்டர் மத்தியானம் வருவார், கதவைத் திறங்க.

நேத்து பச்சப் பெட்டை கழுத்தைத் திருகிப் போட்டீங்களே, "போட்ட முட்டையையே தின்னுற பேய்"னு. குப்பைக் கூடையில அந்த முட்டை ஓட்டை எடுத்துப் பாருங்க, காகிதமாட்டம் இருக்கு. அது உக்காந்ததும் நொறுங்கியிருக்கு. கால்சியம் பத்தாத உடம்பு, உடைஞ்சதைத் தின்னிருக்கு. கால்சியத்துக்காக அதுங்க கொறிக்கிற கணவாய் மீன் ஓட்டை, கூண்டு அசிங்கமாகுதுன்னு பிடுங்கி எறிஞ்சது யாரு? தடுக்க வந்த என்னைச் சுவத்துல தூக்கி அடிச்சது யாரு?

புது ஓடு மேஜையில இருக்கு. கட்டிடுங்க.

நான் அக்கா வீட்டுக்குப் போறேன். என் சாவி உப்பு டப்பா மேல. சமைக்கல.

பி.கு.: ஆஸ்பத்திரியில "இவளுக்கு எலும்பு வீக்கு, தொட்டாலே முறியும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. அவங்களும் நம்பி எனக்குக் கால்சியம் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அதைப் பொடிச்சுக் குருவிங்க தீனியில கலந்துட்டேன். என் எலும்புல ஒரு குறையும் இல்ல.