பன்னிரண்டாவது மணி

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் பின் சக்கரம் உருகிய பனிச்சேற்றில் புதைந்தது. பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் தாமதம், எனக்குத் திட்டு. மாலையில் டூலியோடு சின்ன விமானத்தில் ஒரு மணி நேரம் பறந்தேன். ஆறு முறை தரை தொட்டேன். நான்கை இறங்கியது என்று சொல்லலாம். மற்ற இரண்டும் விழுந்தது.

டூலிக்கு முப்பத்து நாலு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. கற்றுக்கொடுப்பது அவள்.

சாப்பிடும்போது கணவர் மெர்ல் ஆரம்பித்தார். "ஊர்ல எல்லாப் பொண்டாட்டியும் இந்த வயசுல ஸ்வெட்டர் பின்னுறாங்க."

ஸ்வெட்டரில் ஏறித் தீவுக்குப் போக முடியாதே என்றேன். உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். முப்பது வருடத்தில் அவர் தோற்றதை ஒப்புக்கொள்ளும் விதம் அதுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கஸ் ஹால்வர்சன் எனக்கு அனுப்பிய கடிதத்தை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். கோபம் ஆறிவிடக் கூடாது என்பதற்காக மாதம் ஒரு முறை படிக்கிறேன். "ராக்னா டோர்விக் எங்கள் படகில் இனி எந்நாளும் ஏற்றிக்கொள்ளப்பட மாட்டார்." ஏரி நடுவே இருக்கும் ஹாக்கன் தீவுக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் ஒரே படகு அவனுடையது. தீவின் கப்பல் அருங்காட்சியகத்துக்குத் தலைவனும் அவனே.

செய்ததை இல்லை என்று சொல்லவில்லை. போன ஆகஸ்ட் 22, எண்பது வருடத்துக்கும் முன் 'கிளாரா டேல்' கப்பல் மூழ்கியதன் நினைவு நாள். முக்குளிப்பவர்கள் மேலே கொண்டுவந்த கப்பல் மணியை வருடா வருடம் அடிக்கிறார்கள், செத்தவர் ஒருவருக்கு ஒரு முறை என்று. செத்தவர்கள் பன்னிரண்டு பேர். அடிப்பது பதினொன்று. பன்னிரண்டாவது ஆள் சுக்கான் பிடித்த எய்லிஃப் டோர்விக், என் அப்பாவின் அப்பா. கப்பலைப் பாறையில் ஏற்றியவர் அவர் என்று விசாரணையில் முடிவாகிவிட்டது, அதனால் அவருக்கு மணி கிடையாது. உடலும் கிடைக்கவில்லை, அதனால் கல்லறையும் கிடையாது.

நான் எழுந்து நின்று கேட்டேன். கஸ் முன் வரிசையில் இருந்த தன் அம்மா சிக்னேயைப் பார்த்தான். சிக்னேயின் அப்பா அந்தக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். "நான் உசுரோட இருக்கறவரைக்கும் இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் கஸ்ஸின் படகில், சுற்றுலா வந்தவர்களுக்குக் கதை சொல்லும் ஒலிபெருக்கியை எடுத்து, நாற்பது பேரிடம் நான் என் கதையைச் சொன்னேன். பன்னிரண்டு பேர், எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குத்தான் கடிதம்.

வேறு யாரிடமாவது படகு கேட்கலாமே என்றார் மெர்ல். ஆறு பேரிடம் கேட்டேன். ஆறு பேரும் தீவில் கஸ்ஸின் துறையில்தான் படகைக் கட்டவேண்டும். ஆனால் தீவின் புல்தரை ஓடுதளம் அரசாங்கத்துடையது. அங்கே இறங்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அப்பா போன வருடம் பிப்ரவரியில் செத்தார். தொண்ணூறு வயதுவரை அந்த ஏரி மீனை வாயில் வைத்ததில்லை. ஏன் என்று சொன்னதுமில்லை.

மே 4, சனி

காற்று. பறக்கவில்லை. எனக்குக் கோபம். காற்றுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை.

மே 12, ஞாயிறு

டூலி ஓடுதள நடுவில் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டாள். "நான் இல்லாம ஒரு சுத்து போய்ட்டு வாங்க" என்றாள், கடைக்கு அனுப்புகிற மாதிரி.

அவள் எடை இல்லாததால் விமானம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டது. பக்கத்து இருக்கையைப் பார்த்தேன், யாரும் இல்லை. சத்தமாகச் சிரித்தேன். இறங்கி வந்தபோது குளிர்காப்புச் சட்டையின் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. டூலிதான் கழற்றிவிட்டாள்.

தென்மேற்கில் நீருக்கு மேல் ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. தீவு. இருபத்திரண்டு மைல்.

ஜூன் 6, வியாழன்

அரசு ஆவணக் காப்பகத்திலிருந்து கட்டு வந்துவிட்டது. விசாரணையின் முழுப் பதிவு. எட்டு மாதம் காத்திருந்தது இதற்குத்தான். புயலென்றோ பழுதென்றோ கலங்கரை விளக்கு எரியவில்லை என்றோ ஏதாவது ஒன்று இருக்கும், அதை எடுத்துக்கொண்டு போய் சிக்னே முகத்துக்கு நேரே...

ஒன்றும் இல்லை. காற்றில்லை. நிலா வெளிச்சம். விளக்கு எரிந்தது.

உயிர் பிழைத்த மூவரில் ஒருவர் ஹென்றி பூலே. அவர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன், பிறகு நான் மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக: "டோர்விக் சுக்கான் சக்கரத்தில் நெற்றியை வைத்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு எழுப்பினேன். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். அப்போதே பாறை இடித்தது."

முந்தின இரவு துறைமுகத்தில் ஒரு கல்யாணம். அங்கே தாத்தா காலை நாலு மணிவரை அக்கார்டியன் வாசித்திருக்கிறார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அக்கார்டியன்! பதினோரு பேரக் கொன்னுட்டு, ஒம்போது வயசுப் பிள்ளைய, எங்கப்பாவ, நடுத்தெருவுல விட்டுட்டு... ஊர்ல பால்கூடக் குடுக்க மாட்டேன்னுட்டாங்களாமே, அத்தை சொல்லுவாளே. எதுக்கு? நீ கல்யாணத்துல வாசிக்கணும்னு. உனக்காகவா நான் நாப்பது பேருக்கு முன்னாடி கத்தினேன்?

ஜூன் 7

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

இரண்டு வாரமாகப் பறக்கவில்லை. டூலி வீட்டுக்கே வந்துவிட்டாள். தாள்களைக் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடி படித்தாள். சிக்னே சொன்னது சரிதான், நான்தான் முட்டாள் என்றேன். அவள் தாள்களை மடித்து மேசையில் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை வானம் தெளிவாக இருக்குமாம், தீவைச் சுற்றி இறங்காமல் திரும்ப வேண்டிய தனிப்பயணம் உரிமத்துக்கு எனக்கு இன்னும் பாக்கி என்று மட்டும் ஞாபகப்படுத்தினாள்.

"தீவுக்கு ஏன் போறீங்கங்கறது உங்க கணக்கு. பாதியில விட்டீங்கன்னா அது என் பேர்லதான் விழும்" என்றாள்.

ஜூன் 29, சனி

போனேன்.

எழுதியே ஆகவேண்டும். கரையிலிருந்து பன்னிரண்டு மைலில் ஏரி மேல் மெல்லிய புகைமூட்டம். நீரும் வானும் ஒரே வெளுப்பு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. கீழே இரும்புத் தாது ஏற்றிய கப்பல் ஒன்று போய்க்கொண்டிருந்தது, நீண்டதாக, சிவப்பாக. அதன் சுக்கான் அறை எது, உள்ளே யார் நிற்கிறார், ராத்திரி தூங்கியிருப்பாரா என்று யோசித்தேன். பத்து விநாடி இருக்கலாம். இருபதாகவும் இருக்கலாம். காற்றின் சத்தம் மாறியதும் முன்னால் பார்த்தேன். விமானம் இடது பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது, நானூறு அடி இறங்கியிருந்தது. என் உடம்புக்கோ நேராகப் போவது போலவே இருந்தது. வெளியே பார்க்காதே, கருவிகளின் முள்களை மட்டும் பார் என்று பயிற்சியில் டூலி கத்தியது ஞாபகம் வந்தது. முள்களைப் பார்த்தேன். நேராக்கினேன். தீவைச் சுற்றினேன். திரும்பி வந்தேன்.

நான் தூங்கவில்லை. குடிக்கவில்லை. எட்டு மணி நேரம் உறங்கி, முட்டையும் ரொட்டியும் தின்றுவிட்டுப் போனவள்.

டூலியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். இனி விமானத்தைத் தொடாதே என்பாள் என்று நினைத்தேன். காப்பி ஊற்றிக் கொடுத்தாள். பிறகு, "நீங்க பாறை இல்லாத எடத்துல தடுமாறினீங்க. அவ்ளோதான் வித்தியாசம்" என்றாள்.

ஜூன் 30

சரி. தூங்கினார். பதினோரு பேர் அவரால் செத்தார்கள். அவரும் செத்தார். மூன்றும் உண்மை. நான் நல்லவருக்கு மணி கேட்கவில்லை. செத்தவருக்குக் கேட்கிறேன். அதற்கு ஆவணம் எதுவும் தேவையே இல்லையே. எண்ணத் தெரிந்தால் போதும்.

போவேன்.

ஜூலை 26, வெள்ளி

உரிமம் கிடைத்தது. மெர்ல் ஒரு கேக் வாங்கி வந்தார். அதன் மேல் க்ரீமில் வரைந்திருந்தது விமானமா மீனா என்று கடைசிவரை தெரியவில்லை. தின்றுவிட்டோம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலை ஐந்திலிருந்து விமானக் கொட்டகையில். மேகம் எழுநூறு அடியில், பறக்க ஆயிரமாவது வேண்டும். தீவில் நிகழ்ச்சி பதினொரு மணிக்கு.

எட்டு மணி: எழுநூறு. ஒன்பதரை: எண்ணூறு. டூலி வானிலைத் தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். உரிமம் என்னுடையது, முடிவும் என்னுடையதுதான். தாழப் பறந்தால் போய்விடலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பதினைந்து நிமிடம்தானே. ஒரு வருடம் இதற்காகவே உழைத்திருக்கிறேன். இன்று நான் வராவிட்டால், பார்த்தாயா, பயந்துவிட்டாள் என்று கஸ் சொல்வான். சொல்லட்டுமா? சொல்ல விடக்கூடாது.

பத்தரைக்கு விமானத்தின் சாவியை ஆணியில் மாட்டினேன்.

பதினொரு மணிக்குக் கரையில் போய் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்று எண்ணினேன். பிறகு ஒன்று.

அழுதேன். அவமானத்தால் இல்லை. இந்த ஏரியின் மேல் இன்னொரு டோர்விக் தப்பு செய்ய மாட்டாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24, சனி

துடைத்துவிட்டாற்போல வானம். மூவாயிரம் அடியில் போனேன், ஒரு நொடிகூட வேறெதையும் பார்க்காமல். ஓடுதளத்தில் மான்கள். ஒருமுறை தாழப் பறந்து விரட்டிவிட்டு இரண்டாம் முறை இறங்கினேன். இந்த வருடத்தின் மிக நல்ல இறக்கம். பார்க்க மான்கள் மட்டுமே.

துறைவரை இரண்டு மைல் நடந்தேன். அருங்காட்சியகத்துக்கு அடுத்த வீடு சிக்னேயுடையது. தட்டினேன். அவளே வந்து திறந்தாள். எண்பத்தெட்டு வயது, என்னைவிட உயரம்.

"வியாழக்கிழமை உனக்காகக் கதவுல ரெண்டு ஆள நிறுத்திவெச்சான் என் பையன். நீ வரல."

மேகம் தாழ இருந்தது, பறக்கக் கூடாத நாள் என்றேன்.

கதவுநிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டாள். "உங்க குடும்பத்துல ஒருத்திக்காவது எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கு."

அது வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னாள். நான் கிளம்பவில்லை. அவர் தூங்கியது உண்மை, விசாரணைப் பதிவைப் படித்துவிட்டேன், கல்யாணத்தில் விடியும்வரை வாசித்துவிட்டு வந்து சுக்கான் பிடித்தார், அவருக்காக மன்னிப்புக் கேட்க வரவில்லை, கேட்டாலும் நீங்கள் தரவேண்டாம் என்றேன். "ஆனா பன்னெண்டு பேர் செத்தாங்க, சிக்னே. உங்கப்பாவோட சேர்த்து."

"எனக்கு அஞ்சு வயசு" என்றாள். "அப்பா வருவாருன்னு துறையிலயே ஒக்காந்திருந்தேன். கம்பளியில சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க. அந்த ஆளுக்கு மணியடிக்கறத நான் கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன்."

தலையை ஆட்டினேன். படியிறங்கினேன்.

பின்னால் சாவிக்கொத்துச் சத்தம். என்னைத் தாண்டி நடந்து போய் அருங்காட்சியகத்தைத் திறந்தாள். உள்ளே யாருமில்லை. சன்னல் வெளிச்சத்தில் மணி, கயிறு. சிக்னே மணிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது காதிலிருந்து கேட்கும் கருவியைக் கழற்றினாள். பிறகு இடது காதிலிருந்து. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து விரலை மூடிக்கொண்டாள்.

"அடி" என்றாள், காது கேளாதவர்கள் பேசுவது போல உரக்க.

அடித்தேன். ஒரு முறை. அது அடங்க வெகு நேரம் ஆயிற்று. சிக்னே கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலிக்கடியில் தரைப்பலகை அதிர்ந்ததை என் காலில் நான் உணர்ந்தேன். அவளும் உணர்ந்திருப்பாள்.

பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். "ஆச்சா?"

"ஆச்சு."

"காப்பி இருக்கு. நேத்துப் போட்டது."

குடித்தேன். மகா மட்டமான காப்பி.

செப்டம்பர் 10, செவ்வாய்

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு தடித்த உறை. அடுத்த ஆகஸ்டுக்கு அச்சடிக்கப்போகும் நினைவு நிகழ்ச்சித் தாளின் மாதிரி. பிழை இருந்தால் குறித்து அனுப்பும்படி கஸ்ஸின் கையெழுத்தில் ஒரு வரி, மரியாதைச் சொல் எதுவும் இல்லாமல்.

பெயர்கள் பன்னிரண்டு. கடைசிப் பெயரை 'டோர்விட்' என்று போட்டிருந்தார்கள். சிவப்புப் பேனாவால் திருத்தி, மதியத் தபாலில் சேர்த்துவிட்டேன்.