சீனிக்குக் காவல்

14 ஜூலை 1987, செவ்வாய். தென்காசி.

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மெட்ராஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த குப்பி அடுக்களையில் ஒரு தட்டுத் தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது. மாசக்கணக்கில் உறையவைத்து உலர்த்தியதில் ஒருவழியாகத் தேறிய ஒரே குப்பி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பாலிமர் உறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மருந்து. ஈரம் பட்டால் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும். நாளை செங்கோட்டையில் ரயிலேறி, திருவனந்தபுரத்தில் சோதனைக்குக் கொடுக்கவேண்டியது.

"தண்ணியே ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "சீனி போட்டிருக்குன்னு சொன்னியேட்டி. எறும்பு வந்துரும்லா?" என்றார்.

குப்பிக்கு ரப்பர் மூடி, அதன்மேல் தகர வளையம். எறும்பு எங்கே நுழைய? தண்ணீரும் நுழையவில்லை. குலுக்கினேன், பொடி உதிரியாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. ரெண்டு தோசையோடு எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

நேற்று அவரிடம் என் வேலையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினேன். உறைய வைக்கும்போது பனிக்கட்டி குத்தி உறை உடையாமல் காப்பது சீனிதான் என்றேன். 'உம்' கொட்டினார். பாதியில் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

தூங்கவில்லை. உறையைச் சீனி காப்பாற்றும், சரி, சீனியை யார் காப்பாற்றுவது என்று கவலைப்பட்டிருக்கிறார்.

வெளியே சாரல் நிற்கவில்லை. இப்போதுதான் அடுக்களைக்குப் போய், தட்டில் புதுத் தண்ணீர் ஊற்றி, குப்பியை மறுபடி நடுவில் வைத்துவிட்டு வந்தேன்.