ஆன்ட்டி கடையில் வளர்ந்தவள்

பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படிக்காமல் முழுவதையும் தண்ணீரில் கொட்டிவிட்டேன். காய்ந்து சுருண்ட கடற்பாசி, ஒரு கைப்பிடிகூடத் தேறாது என்றுதான் நினைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பாத்திரம் கொள்ளாமல் உப்பி, மேடையில் வழிந்து, கரும்பச்சையாக அடுப்புவரை வந்து நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "ஊருக்கே சமைக்கிறியா லா?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்க ஆளில்லை. வாரி எடுத்து, வீட்டில் இருக்கும் பெரிய பானையில் போட்டேன்.

கூடவே வாங்கி வந்த வறுத்த எள்ளெண்ணெயில் பூண்டைப் போட்டதும் அந்த வாசனை எழுந்தது. பத்து ஃபெரிங்கி கடற்கரை, ஆன்ட்டி கடை, சமையற்கட்டுக்குப் பக்கத்து மேசை. இப்போதாவது அழுகை வருமா என்று கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. நீங்கள் போனதிலிருந்து எதுவும் வருவதில்லை. "அழுதுடும்மா, அழுதாதான் பாரம் குறையும்" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்கள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் இருக்குமே, அப்படி இருக்கிறது எனக்கு. தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்போது நீங்கள் வெள்ளை வேன் ஓட்டினீர்கள். கொரியாவிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு பாம்புக் கோவில், கொடிமலை, கடற்கரை என்று சுற்றிவிட்டு, சாப்பாட்டுக்கு அந்தக் கொரியாக்கார ஆன்ட்டியின் கடையில் இறக்குவீர்கள். பெரிய ஓட்டல்களுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. கீழே கடை, மாடியில் குடித்தனம். பலகையில் கொரிய எழுத்து மட்டும்தான் இருக்கும். அதனால் உள்ளூர்க்காரர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஓட்டுநர்களுக்குச் சமையற்கட்டு ஓரமாக ஒரு மேசை. அங்கே சாப்பிட்டுவிட்டு, சட்டையெல்லாம் பூண்டு மணக்க வீட்டுக்கு வருவீர்கள்.

உங்களுக்குக் கெட்ட செய்தி சொல்ல வராது. கொடிமலை முழுக்க மேகம் மூடிக் கை நீட்டினால் கை தெரியாத நாளில்கூட, "ஃபைவ் மினிட்ஸ், கிளியர்" என்று சொல்லி ஆட்களை நிற்க வைப்பவர் நீங்கள். எத்தனை பேர் ஈரத் தலையோடு கீழே இறங்கினார்களோ.

நம் மகள் பிறந்த அன்றே போய்விட்டாள். அம்மா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பிரசவ மருந்து, சுறாக் கருவாடு, பூண்டு என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். வாரம் முடிவதற்குள் அந்தப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். "இதெல்லாம் கண்ணுல பட்டா ஞாபகம் வந்துகிட்டே இருக்கும்மா" என்றார். உங்கள் அக்கா, "பேரு வைக்காத புள்ள, அதைப் பத்திப் பேசாத, தானா மறந்துடும்" என்றார். தொட்டில் கட்ட எடுத்து வைத்திருந்த சேலை அலமாரிக்குப் போனது. யாரும் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் ஒரு பிரசவம் நடந்ததற்கு அடையாளமே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். என் உடம்புக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. பால் கட்டிக்கொண்டது.

மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று அம்மா போனில் சொன்னார். நீங்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாங்கி வந்தீர்கள். "இவ்ளோ பூவா, என்ன விசேஷம் தம்பி?" என்று பூக்கார அக்கா கேட்டாராம். "வீட்டுல விசேஷம்தான்க்கா" என்றீர்களாம். அவர் சந்தோஷப்பட்டு இன்னொரு முழம் சேர்த்துக் கொடுத்தாராம். அதை என்னிடம் சொல்லும்போது கூடுதலாகக் கிடைத்த பூவைத்தான் காட்டினீர்கள், முகத்தைக் காட்டவில்லை. கல்யாண வீட்டு வாசனையோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், "கிளம்பு, சாப்பிடப் போவோம்" என்றீர்கள்.

"எங்கங்க?"

"ஆன்ட்டி கடைக்கு. சும்மா வா லா. அங்க நம்ம ஆளுங்க யாரும் வரமாட்டாங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன். பாவம் என்று பார்க்காத ஓர் இடம் போதும் என்றிருந்தது.

ஆன்ட்டி குள்ளமாக, கையில் எப்போதும் ஒரு துணியோடு இருந்தார். சின்னச் சின்னத் தட்டுகளாகக் கொண்டுவந்து மேசையை நிரப்பினார். கீரை, முளைப்பயறு, நெத்திலி, சிவப்பாக ஊறிய கோஸ். ஒரு தட்டு காலியானால் கேட்காமலே நிரப்புவார். நீங்கள் பந்தியில் இலையை மறைப்பது போல இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு, "போதும் ஆன்ட்டி, போதும் போதும்" என்று தமிழிலேயே கத்தினீர்கள். அவர் உங்கள் விரலை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் கீரையை வைத்தார். அது உங்கள் இருவருக்கும் பழகிய விளையாட்டு என்று தெரிந்தது.

கடைசியாக என் முன்னால் மட்டும் ஒரு பெரிய கிண்ணம் வந்தது. மட்டிச் சிப்பி போட்ட கடற்பாசி சூப். வழக்கமாக மாட்டிறைச்சி போடுவார்களாம்; நாம் அதைச் சாப்பிடமாட்டோம் என்று உங்களிடம் கேட்டு வைத்து, எனக்கென்று தனியாகச் செய்திருந்தார். அவருடைய மலாய் என்னுடையதைவிட மோசம். "பேபி. மம்மா. சூப். சூசு பாஞாக்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிள்ளை பெற்றவள் குடிக்க வேண்டியது, நிறையப் பால் சுரக்கும். பிறகு உங்களைப் பார்த்துச் சிரித்து, "பேபி ஓகே?" என்று கேட்டார்.

"ஓகே ஆன்ட்டி. வெரி குட்" என்றீர்கள்.

"நாமா?"

பெயர் என்ன என்று கேட்கிறார். நீங்கள் என் கிண்ணத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"அமுதா" என்றீர்கள்.

என் மகளின் பெயரை நான் சொல்வதற்கு முன்பே ஒரு கொரியாக்கார அம்மாள்தான் திருப்பிச் சொன்னார். "அமுத்தா, அமுத்தா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருக்கலாம். நான் சூப்பைக் குடித்தேன். பிரசவமானவளுக்குக் கொடுக்க வேண்டியதை எனக்குக் கொடுத்தது அவர் ஒருவர்தான். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

வேனில் திரும்பும்போது, தஞ்சோங் பூங்கா ஊரைத் தாண்டியதும், "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க சிரிச்சிகிட்டே கேட்டாங்களா, வாயில வந்துடுச்சு."

"பேரு?"

"அது நீ ஆறு மாசமா இருக்கும்போதே யோசிச்சது."

வீட்டில் அந்தப் பெயரை நாம் சொன்னதே இல்லை. சொல்லக்கூடாது என்று பேசி வைக்கவும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் நீங்கள் சாவியை எடுத்ததும் நான் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன்.

அப்படித்தான் அவள் ஆன்ட்டி கடையில் வளர்ந்தாள். குப்புறப் படுத்தாள். சளி பிடித்தது, சரியானது. "டூ டீத், ஆன்ட்டி!" என்று நீங்கள் இரண்டு விரலைக் காட்டிய அன்று ஆன்ட்டி கையிலிருந்த துணியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். உங்களுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. எந்த மாதம் பல் முளைக்கும், எப்போது உட்காரும் என்று யாரைக் கேட்டு வைத்தீர்களோ. பேசிக்கொண்டே இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடுவீர்கள். வீட்டில் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்து போகிற மனிதர்.

ஒரு நாள் ஆன்ட்டி வழக்கம்போல "அமுத்தா?" என்று கேட்டபோது உங்களுக்கு வாயில் சோறு. "தவழுறா" என்று நான் சொன்னேன். ஆன்ட்டிக்குப் புரியவில்லை. மேசைமேல் இரண்டு கையையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். நீங்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்தீர்கள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, வேறு பல பெரிய விஷயங்கள் மறந்துவிட்டன.

அதற்கு முன்பு, அவளுக்கு நூறு நாள் ஆகியிருக்க வேண்டிய சமயத்தில், ஆன்ட்டி வெள்ளை வெளேரென்று அரிசி மாவுப் பலகாரம் ஒரு பெட்டி நிறைய அவித்து வைத்திருந்தார். அவர்கள் ஊர் வழக்கமாம். நிறையப் பேர் வாங்கிச் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆயுசு கெட்டி. வாங்கிக்கொண்டு வந்து வேனில் உட்கார்ந்தோம். யாருக்குக் கொடுப்பது, என்னவென்று சொல்லிக் கொடுப்பது? குப்பையில் போட இருவருக்கும் கை வரவில்லை. நீங்கள் கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கினீர்கள். படகுக்காரர்கள், ஓட்டல் காவலாளி, பட்டம் விற்கிறவர், எல்லாருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தீர்கள். "என்ன விசேஷம் அண்ணே?" என்று காவலாளி கேட்டது கண்ணாடி வழியாக எனக்குக் கேட்டது.

"மகளுக்கு நூறு நாள், தம்பி."

"நல்லா இருக்கட்டும் அண்ணே."

பெட்டி கிட்டத்தட்டக் காலியானதும் வந்து வண்டியை எடுத்தீர்கள். மீதி ஒன்று இருந்தது. அதை நான் சாப்பிட்டேன். ருசியே இல்லை, வெறும் மாவு.

முதல் பிறந்தநாளுக்குக் கட்டாயம் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று ஆன்ட்டி சொன்னார். காய்ச்சல் என்றீர்கள். அடுத்த முறை பாட்டி வீட்டில் விட்டிருக்கிறோம் என்றீர்கள். இன்னும் எத்தனை காலம் ஓட்டமுடியும்? அவள் நடக்க வேண்டும், பேச வேண்டும், பாலர் பள்ளிக்குப் போக வேண்டும். ஒரு நாள் உண்மை தெரிந்தால் அந்த மேசையும் போய்விடும். அவள் பெயரைச் சொல்ல உலகத்தில் வேறு இடமில்லை.

உண்மை வருவதற்குள் நாடுகளையே உலுக்கிய பண நெருக்கடி வந்தது. கொரியாவிலிருந்து ஆள் வருவது நின்றுபோனது. உங்கள் வேன் சும்மா நின்றது, ஆன்ட்டியின் மேசைகள் சும்மா கிடந்தன. ஊருக்கே திரும்புகிறேன் என்றார். கடைசி நாள் சாமான் ஏற்ற நாம் இருவரும் போனோம். நீங்கள் வெளியே வேன்மேல் மேசைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நானும் அவரும் சமையற்கட்டில் தனியாக.

இப்போது சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது.

அவரை அப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "ஆன்ட்டி, பேபி..." என்று ஆரம்பித்தேன். அவர் ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தாஹு. லாமா தாஹு" என்றார். தெரியும், ரொம்ப நாளாகவே தெரியும்.

எப்படி என்று கேட்டேன். நடித்துக் காட்டினார். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள் சாப்பிடுவது: ஒரு வாய், கடிகாரத்தை ஒரு பார்வை, இன்னொரு வாய், வாசலை ஒரு பார்வை. பிறகு என்னைச் சுட்டி, "யூ, ஸ்லோ" என்றார்.

"அப்ப ஏன் ஆன்ட்டி கேட்டுகிட்டே இருந்தீங்க?" தமிழில்தான் கேட்டேன். அவருக்குப் புரிந்தது. ஜன்னல் வழியாக, பல்லால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த உங்களைக் காட்டினார்.

"ஹீ டாக், ஹீ ஈட்."

பேசினால்தான் சாப்பிடுகிறார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு கட்டுக் கடற்பாசியை என் பையில் திணித்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனார்.

திரும்பி வரும் வழியில் நீங்கள், "பாவம் ஆன்ட்டி. கடைசி வரைக்கும் அமுதாவைப் பாக்காமலே போறாங்க" என்றீர்கள். அந்தக் கடைக்கு வெளியே அவள் பெயரை நீங்கள் என்னிடம் சொன்னது அந்த ஒரு முறைதான். நான், "ஆமாங்க" என்றேன். ஆன்ட்டிக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு அந்த மத்தியானங்கள் எல்லாம் பொய்யாகியிருக்கும். இத்தனை வருஷமும் அதை நான் உங்களிடமிருந்து காப்பாற்றினேன். நீங்கள் என்னிடமிருந்து எதைக் காப்பாற்றினீர்களோ தெரியாது.

அதற்குப் பிறகு நமக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவள் பெயரும் எழவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் எது எதையோ பேசினீர்கள், டயர் மாற்றியதைக்கூடப் பேசினீர்கள், அதை மட்டும் பேசவில்லை. உங்கள் அக்கா மகன் கொள்ளி வைத்தான். "பிள்ளை இல்லாத மனுஷன், ஆனா தங்கமான மனுஷன்" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று பானை கொதித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு சாந்தி வந்தாள். ஃபேக்டரி வேலை முடிந்தால் கொரிய நாடகம்தான் அவளுக்கு உலகம். வாசனை பிடித்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன்.

"ஆன்ட்டி, இது பர்த்டே சூப் லா! புள்ள பெத்தவங்களுக்கும் இதான் குடுப்பாங்க, நாடகத்துல பாத்திருக்கேன். யாருக்கு ஆன்ட்டி பர்த்டே?"

ஓகே, வெரி குட் என்று உங்களைப் போலச் சொல்ல ஒரு நொடி வாய்வரை வந்துவிட்டது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

"இன்னைக்கு யாருக்கும் இல்ல. என் மகளை நெனச்சு வச்சேன்."

"உங்களுக்கு மகளா?"

"ஆமா. பொறந்த அன்னைக்கே போயிட்டா. அமுதான்னு பேரு."

நம் வீட்டுச் சுவருக்குள் அந்தப் பெயர் கேட்டது இதுதான் முதல் தடவை. சாந்தி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவள் தடுக்கவில்லை.

"நல்ல பேரு ஆன்ட்டி. யாரு வச்சது?"

"அவ அப்பா" என்றேன்.