மாவுப்பூச்சி ஓடாது

விழுப்புரம்
2.4.2025

கலைப்பிரியாவின் அப்பாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். என்னோடு போனில் பேசுவதில்லை என்று நீங்கள் எடுத்திருக்கும் சபதம் தெரியும், அதனால்தான் காகிதம்.

மாற்றலாகி இங்கே வந்த இரண்டு வருடத்தில் மாடியில் பதினெட்டுச் செம்பருத்தி வளர்த்திருக்கிறேன். இப்போது எல்லாவற்றிலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது. சில அசையாமல் கிடக்கின்றன. சில கொஞ்சம் பெரிதாக, நூல் நூலாக, குச்சியால் தொட்டால் ஓடுகின்றன. இரண்டும் ஒன்றுதானா? இலையோடு ஹோமியோபதி குப்பியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருக்கிறேன்.

கீழே குடியிருக்கும் ஓனர் லட்சுமியம்மாள், "உன் வூட்டுக்காரரு பூச்சி வாத்தியாராமே, அவர கேளேம்மா. எம் மாமரத்துக்குத் தாவிக்கினு வந்தா பேஜாரு" என்கிறார். வீட்டு ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது. புதுப்பிக்கலாமா என்றும் கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. திண்டிவனத்து வீட்டில் வெயில் விழுவது பின்பக்கம் மட்டும்தானே? பதினெட்டுத் தொட்டி அங்கே வைக்க முடியுமா?

தேவகி


திண்டிவனம்
7.4.2025

தேவகிக்கு,

கடிதமும் குப்பியும் வந்தன. இருபத்தாறு வருடமாக விலங்கியல் நடத்துகிறேன். அது மாவுப்பூச்சி. ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். மாவுப்பூச்சி ஓடாது. கண்ணாடியை மாற்று. ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் மருந்து அடி. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும்.

துறைத்தலைவர் பதவி எனக்கு வராமல் முத்துவுக்குப் போன அன்று, அவன் வீட்டுக்குப் பால்கோவா கிண்டி எடுத்துப் போனவள் நீ. கேட்டதற்கு, "அவரும் நம்ம வூட்ல சாப்ட்ட மனுசன்தானே" என்றாய். அதை நான் மறக்கவில்லை. பூச்சிக்கும் அவனையே கேட்டிருக்கலாம்.

பின்பக்கத்தில் என் பழைய விடைத்தாள் கட்டுகள் இருக்கின்றன.

தீனதயாளன், எம்.எஸ்சி., எம்.ஃபில்.


திண்டிவனம்
11.4.2025, வெள்ளி

அன்புள்ள தேவகி,

மருந்து அடிக்காதே.

இன்று காலை மேசையைத் துடைக்கும்போது குப்பிக்குள் ஏதோ ஊர்ந்தது. பொறிவண்டு. கறுப்பு முதுகு, ஆரஞ்சுத் தலை. தொட்டால் ஓடியது இதன் புழுதான். மாவுப்பூச்சியைத் தின்றே வளரும். அதைப் போலவே வெள்ளையாகப் போர்த்திக்கொண்டும் இருக்கும். முதல் வருடப் பிள்ளைகளுக்கே நடத்துகிற பாடம். நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய்.

உண்மையை எழுதுகிறேன். இன்றுவரை நான் குப்பியைத் திறக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பால்கோவாதான் நினைவுக்கு வந்தது. நான் செய்தது தப்பு. இதை எழுதுவதற்குள் மூன்று தாள் கிழித்தாயிற்று.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன், நாளையே கிடைத்துவிடும். பின்பக்கத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். இருபது தொட்டி வைக்கலாம்.

தீனதயாளன்


விழுப்புரம்
15.4.2025

உங்களுக்கு,

கடிதம் இன்று மதியம் வந்தது. சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறும் சித்திரை முதல் நாளும் விடுமுறை. ஞாயிறு காலை ஆறு மணிக்கே, நீங்கள் சொன்னபடி அடிப்பக்கமும் நனைய அடித்துவிட்டேன். ஓடியவை எல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தன. அசையாதவை அப்படியேதான் இருக்கின்றன. இன்று நான்கு செடிகள் மொட்டுகளை உதிர்த்துவிட்டன.

தப்பு என்று நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இருபத்து நான்கு வருடத்தில் உங்கள் கையெழுத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை அடிப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று தாள் கிழித்த நேரத்தில் ஒரு போன் போதும். என் எண் மாறவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

லட்சுமியம்மாள் மாடிக்கு வந்தார். "இன்னாம்மா, செடிக்கெல்லாமா அழுவுறே?" என்றார். உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கினேன். பிறகு, வீட்டை இன்னும் ஒரு வருடத்துக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன்.

"ஒரு வருசமா, ரெண்டா?" என்று கேட்டார்.

"ரெண்டாவே எழுதிக்கோங்க" என்றேன்.

தேவகி